ஒரு பீரியடுக்கு ஒரு கேள்வி போதும்

கல்லூரி மாணவர்கள் பள்ளியில் நடத்தப்போகும் அறிவியல் நிகழ்ச்சி எங்கே சொதப்பும் என்பதைத் திட்டத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். 45 நிமிடத்துக்குள் எரிமலை, எலுமிச்சை பேட்டரி, பாட்டில் ராக்கெட், சூரியக் குடும்பம், முடிவில் வினாடி வினா என்று ஐந்து உருப்படி எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், இன்னொரு தடவை என்று கத்துவார்கள். மறுநாள் வகுப்பாசிரியர் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் "புகை வந்துச்சு மிஸ்" என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது.

மேடையில் செய்துகாட்டுவதைக் குறை சொல்ல வரவில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825 முதல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை நடத்துகிறது, மைக்கேல் ஃபாரடே மட்டுமே 19 தொடர்களை நடத்தினார். அதற்கென்று கட்டிய அரங்கம், தேர்ந்த கை, பல நாள் தயாரிப்பு எல்லாம் அங்கே இருந்தன. செமஸ்டருக்கு நடுவே இரண்டு வாரத்தில் தயாராகி, 40 பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்குள் போகிற ஆறு பேருக்கு அது ஒத்துவராது. அவர்கள் கையில் இருக்கும் பலம் வேறு. வயதில் நெருங்கியவர்கள், தப்பாகச் சொன்னால் மார்க் குறைக்காதவர்கள், அண்ணா அக்கா என்று கூப்பிட முடிகிறவர்கள். அந்தப் பலத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் பொருள் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும், அவர்களுக்கே உண்மையில் விடை தெரியாத ஒரு கேள்வியும் வேண்டும்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்க மூன்று சோதனைகள் வைத்துக்கொள்ளலாம். கையை உயர்த்தச் சொன்னால் வகுப்பு இரண்டாகப் பிரிய வேண்டும். கால் மணி நேரத்தில் அவர்களே செய்து பார்த்து முடிவுக்கு வர முடிய வேண்டும். கருவி உடைந்தால் அங்கேயே மாற்றிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஊசல் அழகாகத் தாண்டுகிறது. "நூலில் கட்டின இந்த நட்டு ஆடுது. இன்னும் மூணு நட்டு சேர்த்தா வேகமா ஆடுமா, மெதுவா ஆடுமா, அப்படியேதானா?" என்று 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பாதி வகுப்பு வேகமாக ஆடும் என்று அடித்துச் சொல்லும். கனமானது வேகமாகப் போகும் என்பது அவர்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. உண்மையில் கனத்தைக் கூட்டினாலும் ஆட்டத்தின் நேரம் மாறாது, நூலின் நீளம் மாறினால்தான் மாறும்.

ஊசல் எளிய சாமான் என்று ஏமாந்துவிட வேண்டாம். தப்பு நடக்க அதில் குறைந்தது ஐந்து இடம் உண்டு, ஒவ்வொன்றும் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும்.

முதலில் எண்ணிக்கை. நட்டை இழுத்து விட்டதும் "ஒண்ணு" என்று சொல்வதுதான் பிள்ளைகளின் இயல்பு. பத்து சொல்லி வாட்சை நிறுத்தும்போது முடிந்திருப்பவை ஒன்பது ஆட்டங்களே. 60 செ.மீ. நூலுக்குப் பத்து ஆட்டம் 15.5 நொடி எடுக்க வேண்டும். இப்படி எண்ணினால் 14 நொடி வரும். விடும்போது "சைபர்" என்று சொல்ல வைப்பதுதான் மருந்து. "மூணு, ரெண்டு, ஒண்ணு, சைபர்" என்று ராக்கெட் விடுவதுபோலச் சொல்லி, சைபரில் விட்டு, திரும்பி வந்ததும் "ஒண்ணு". இதை எல்லாக் குழுவும் வெறுங்கையை ஆட்டி ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நூலைத் தொட வேண்டும்.

ஒரு ஆட்டம் என்பது எது என்பதிலும் குழப்பம் வரும். போய்த் திரும்பி வருவது ஒரு ஆட்டம். சில குழுக்கள் போவதை ஒன்று, வருவதை இரண்டு என்று எண்ணும். 60 செ.மீ. ஊசலை இப்படி எண்ணினால் பத்துக்கு 7.8 நொடிதான் வரும். வேடிக்கை என்னவென்றால், 15 செ.மீ. ஊசலைச் சரியாக எண்ணினாலும் அதே 7.8 நொடிதான். கரும்பலகையில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நூலின் நீளத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வகுப்பு முடிவு கட்டிவிடும். பலகையில் எண்ணை எழுதப்போகும் தன்னார்வலருக்கு இந்த இரண்டு தவறும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். 14 என்று பார்த்தால் "சைபர் சொன்னீங்களா?" என்று கேட்கலாம். 60-க்கு 7.8 என்று பார்த்தால் "போய்ட்டு வந்தா எத்தனை?" என்று கேட்கலாம். எண்ணைத் திருத்திச் சொல்லக் கூடாது, திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கனப் பொறி. இதில் தன்னார்வலர்களே விழுவார்கள். கனத்தைக் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நட்டின் கீழே இன்னொன்று என்று சரம்போலக் கோப்பார்கள். ஒரு நட்டு ஏறக்குறைய 2 செ.மீ. இருந்தால், நான்கு நட்டுச் சரத்தின் நடுப்புள்ளி 3 செ.மீ. கீழே இறங்கிவிடுகிறது. 15 செ.மீ. ஊசல் 18 செ.மீ. ஊசலாகிவிட்டது என்று அர்த்தம். 7.8 நொடி ஏறக்குறைய எட்டரை நொடியாகும், "கனம் கூடினா மெதுவா ஆடுது" என்று எல்லாக் குழுவும் ஒரே குரலில் அறிவிக்கும். அளவீடு துல்லியம், முடிவு தப்பு. நூலின் நுனியில் ஒரு ஜெம் கிளிப்பைக் கொக்கிபோல விரித்துக் கட்டி, நான்கு நட்டையும் அந்த ஒரே கொக்கியில் பக்கம் பக்கமாக மாட்டினால் நடுப்புள்ளி நகராது. நேரம் இருந்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு குழுவை வேண்டுமென்றே சரமாகக் கோக்கச் சொல்லி "இப்ப மட்டும் ஏன் மெதுவாச்சு?" என்று கேட்பது அருமையான தொடர்ச்சி. அன்றைக்கு இரண்டாவது கேள்வி வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இழுத்து விடும் தூரம் அதிகமானால் நேரமும் கொஞ்சம் கூடும். 60 டிகிரிக்கு இழுத்து விட்டால் 7 சதவீதம் வரை கூடுகிறது. 60 செ.மீ. நூலுக்கு நான்கு விரல் அகலம், 15 செ.மீ. நூலுக்கு இரண்டு விரல் அகலம் என்று கையாலேயே அளவு சொல்லிவிடுங்கள். டிகிரி என்று சொன்னால் புரோட்ராக்டர் தேடுவார்கள்.

தொங்கவிடும் இடத்திலும் கோளாறு உண்டு. பென்சிலில் நூலைச் சுற்றிக் கட்டினால், ஆடும்போது நூல் பென்சிலோடு உரசி நழுவும், பென்சிலும் உருளும். மேசை ஓரத்தில் ஒரு ஸ்கேலை வெளியே நீட்டி டேப் ஒட்டி, அதன் நுனியில் பைண்டர் கிளிப்பால் நூலைக் கவ்வ வைத்தால் தொங்கும் புள்ளி தெளிவாக இருக்கும், நீளத்தை மாற்றவும் சுலபம். நீளம் என்றால் கிளிப்பின் வாயிலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை. முடிச்சுவரை அளக்கும் குழு எப்போதும் ஒன்றாவது இருக்கும்.

புத்தகத்தில் ஒரு மீட்டர் ஊசல் என்று இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போனால், பள்ளி மேசையின் உயரம் 70 செ.மீ.யை ஒட்டியே இருப்பது அங்கே போனபிறகுதான் உறைக்கும். நட்டு தரையில் இடிக்கும். 15, 30, 60 என்று வைத்துக்கொண்டால் பத்து ஆட்டத்துக்கு 7.8, 11, 15.5 நொடி வரும். நீளம் நாலு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வர்க்கமூலம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம். மின்விசிறியை அந்தக் கால் மணி நேரம் நிறுத்திவையுங்கள்.

இதெல்லாம் தெரிய வேண்டும் என்றால் ஒத்திகை வேண்டும். ஒத்திகை என்றால் பேசுகிறவர் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பது இல்லை. வேறு துறையின் முதலாண்டு மாணவர் எட்டு பேரை உட்கார வைத்து, அதே பெட்டியைக் கொடுத்து, கடிகாரம் வைத்து முழுசாக நடத்திப் பார்ப்பது. இயற்பியல் துறையில் எல்லோருக்கும் ஊசல் தெரியும் என்பதால் அங்கே செய்யும் ஒத்திகையில் எந்தக் கோளாறும் வெளிவராது. 18 நிமிடம் என்று நினைத்த வேலைக்கு ஒத்திகையில் 18 நிமிடமே ஆனால், பிள்ளைகளிடம் 25 ஆகும். அப்படியானால் வேலையைக் குறையுங்கள். வேகமாகச் செய்யச் சொல்வதில் பயன் இல்லை.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். 40 பிள்ளைகள், குழுவுக்கு ஐந்து பேர், எட்டுக் குழு என்றால் பத்துப் பெட்டி கட்டுங்கள். ஒவ்வொன்றும் ஜிப் கவர், வெளியே பெரிய எண். உள்ளே 80 செ.மீ. நூல் இரண்டு (கம்பளி நூல் வேண்டாம், இழுபடும்), எம்10 நட்டு நான்கு, பைண்டர் கிளிப் ஒன்று, ஜெம் கிளிப் இரண்டு, 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, தையல் டேப்பிலிருந்து வெட்டின 70 செ.மீ. துண்டு ஒன்று, அட்டவணைத் தாள் இரண்டு, சீவின பென்சில் இரண்டு. டேப்புக்குப் பதிலாக அளவுகோலைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். பிரிண்டர் அமைப்பில் தாளுக்குள் பொருந்தச் சுருக்கு என்பது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு செ.மீ.யும் சத்தமில்லாமல் சிறுத்துவிடும். அச்சடித்தால் ஒரு தாளை நிஜ ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றை எடுங்கள். கவருக்குள் பொருள் பட்டியல் ஒட்டியிருந்தால், வாங்கும்போது சரிபார்க்கும் வேலையைப் பிள்ளைகளே செய்வார்கள். நிறுத்து கடிகாரத்துக்குத் தன்னார்வலர்களின் கைப்பேசிதான் என்றால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுக் கொடுங்கள். பத்தாவது ஆட்டத்தில் யாராவது அழைத்தால் குழுவே சிதறும்.

எத்தனை பேர் போக வேண்டும்? குழுவுக்கு ஒரு தன்னார்வலர் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அது அதிகம். பக்கத்திலேயே ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தால் நூலை அவனே கட்டிவிடுவான், அவனே அளப்பான், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு குழுவுக்கு ஒருவர் போதும். அவர் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பதால் எதையும் கையில் எடுக்க நேரம் இருக்காது. ஆக நான்கு பேர், நடத்துபவர் ஒருவர், பெட்டியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்பவர் ஒருவர். ஆறு. அதற்குமேல் இரண்டு பேரைத் தயாராக வைத்திருங்கள். இன்டர்னல் தேர்வு, காய்ச்சல், பஸ் தவறியது என்று கிளம்பும் நாளில் குறைவது வழக்கம். தன்னார்வலர்களுக்கு ஒரே ஒரு விதி எழுதிக் கொடுக்கலாம்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். உட்கார்ந்து அடங்க 5, கேள்வியும் ஊகமும் 6, செய்முறை விளக்கம் 3, வேலை 18, பலகையில் எண்களை ஒப்பிட்டுப் பேச 8, பொருளை எண்ணித் திரும்ப வாங்க 5. பேச்சுக்கு வைத்த அந்த 8 நிமிடத்தைத்தான் எல்லோரும் காவு கொடுக்கிறார்கள். வேலை இழுத்துவிட்டது என்று கடைசியில் விடையை நடத்துபவரே வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். அதற்கு, கனம் பற்றிய அளவீட்டை மட்டும் செய்துவிட்டு நீளத்தை விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

ஊகத்தைச் செய்முறைக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். வாயால் சொன்ன ஊகத்தைப் பிள்ளைகள் பிறகு மாற்றிக்கொள்வார்கள், "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். தாளில் எழுதியிருந்தால் தப்பாது. கை தூக்கச் சொல்வதானால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது தனிப் பயிற்சி. 1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் பதிவுசெய்த ஒலிநாடாக்களை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தெரியாது என்பதும் மௌனமும் குறைந்தன. மூன்று நொடி கேட்க அற்பமாக இருக்கும். முன்னால் நின்று பாருங்கள், முதுகு வேர்க்கும். மனத்துக்குள் மெதுவாக ஐந்து எண்ணுவது ஒரு வழி. "புரிஞ்சுதா?" என்று கேட்பதைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான்.

செய்முறையை விளக்கி முடித்தபின்தான் பெட்டியைக் கொடுக்க வேண்டும். முதலில் பெட்டியைக் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தால் ஒரு காதும் கேட்காது. அது பிள்ளைகளின் குற்றம் இல்லை. கையில் நட்டும் நூலும் இருந்தால் யாருக்குத்தான் சும்மா இருக்கத் தோன்றும்?

குழுவுக்குள் யார் எதைச் செய்வது என்பதை விதியிடம் விட்டால், சத்தமான பையன் நட்டைப் பிடிப்பான், கையெழுத்து அழகாக இருக்கும் பெண் அட்டவணை நிரப்புவாள், இரண்டு பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஆடவிடுபவர், எண்ணுபவர், வாட்ச் பிடிப்பவர், எழுதுபவர், அளப்பவர் என்று ஐந்து அட்டை கொடுத்து, ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் அட்டையை வலப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். ஐந்து அளவீடு முடிந்தால் எல்லோரும் எல்லாம் செய்திருப்பார்கள்.

ஊசல் மட்டும்தானா என்றால், இல்லை. எலுமிச்சை பேட்டரி செய்யலாம், ஆனால் துத்தநாகம் பூசின ஆணியும் செம்புக் கம்பியும் சேர்ந்து ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும். சிவப்பு எல்இடிக்கு 1.8 வோல்ட் அளவு தேவை என்பதால் மூன்று பழம் தொடராக வேண்டும். எல்இடியின் நீளக் கால் செம்புப் பக்கம் போக வேண்டும். மாற்றி மாட்டினால் எரியாது. எரிந்தாலும் மங்கல்தான், வெளிச்சமான அறையில் தெரியாது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்துத் துளை வழியே பார்க்க வேண்டும். டார்ச் பல்பு கொண்டுபோகாதீர்கள், அதற்கு வேண்டிய மின்னோட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. துத்தநாகம் கரைந்திருப்பதால் அந்தப் பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு செல், ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள் இவற்றை வைத்துச் சுழல வைக்கும் ஒற்றை செல் மோட்டாரும் பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். சுருளுக்கான எனாமல் பூசின கம்பியின் ஒரு முனையில் பூச்சை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் பாதிச் சுற்று மட்டும். ஆர்வத்தில் இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் அடுத்த அரைச் சுற்றில் விசை எதிராகத் தள்ளும், சுருள் நடுங்கிவிட்டு நின்றுவிடும். நின்ற நிலையில் விட்டுவைத்தால் கம்பியும் செல்லும் சூடேறும். பத்து வயதுக்குக் கீழே என்றால் சுரண்டிய சுருளையே கொண்டுபோவது நல்லது. காந்தம் கருப்பு ஃபெரைட்டாக இருக்கட்டும். சின்னஞ்சிறு நியோடிமியம் காந்தங்களை இரண்டு மூன்று விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டையே போட்டுவிடும். பட்டன் செல்லும் அதே ரகம், பெட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் தேதி, வகுப்பு, நேரம், வருபவர்களின் பெயர், கொண்டுவரும் பொருள்களின் பட்டியல், பொறுப்பான பேராசிரியர் யார் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வகுப்பாசிரியர் முழு நேரமும் அறையில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கேளுங்கள். நல்லெண்ணத்தில் அவர் ஸ்டாஃப் ரூமுக்குக் கிளம்பினாலும் விடக் கூடாது. எந்தத் தன்னார்வலரும் ஒரு குழந்தையோடு தனியறையில் தனியாக இருக்கக் கூடாது. பெற்றோர் அனுமதி இல்லாமல் முகம் தெரியும் புகைப்படம் எடுக்கக் கூடாது. கைப்பேசி எண் கேட்கும் பிள்ளைகளிடம் "சந்தேகம் இருந்தா எழுதி டீச்சர்கிட்ட கொடு, பதில் அனுப்புறோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி அனுப்பவும் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு முன் ஒருவர் நேரில் போய் அறையைப் பார்த்துவர வேண்டும்: மேசை சாய்வா சமமா, பலகை கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா, கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம்.

பத்துப் பள்ளிக்கு ஒருமுறை போவதா, ஒரே வகுப்புக்கு ஐந்து முறை போவதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழும். அறிக்கையில் பத்து நன்றாகத் தெரியும். ஆனால் முதல் தடவை பாதி நேரம் பெயர் கேட்பதிலும் வெட்கம் கலைவதிலும் போய்விடுகிறது. மூன்றாவது தடவை போகும்போதுதான் கடைசி பெஞ்சுப் பையன், "அக்கா, நூலுக்குப் பதிலா ரப்பர் போட்டா?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்குத் திட்டத்தில் இடம் விட்டிருக்க வேண்டும். எங்கள் வாக்கு ஐந்துக்கே.

கிளம்புமுன் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரே கேள்வி: "ஊஞ்சலில் நீ தனியாக ஆடுகிறாய். பிறகு உன்னைவிடக் கனமான அண்ணன் அதே ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடுகிறார். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் என்ன ஆகும்?" பெயர் எழுத வேண்டாம். திரும்பும் வழியிலேயே சீட்டுகளை மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம். "மெதுவாகும்" குவியல் பெரிதாக இருந்தால், ஏதோ இரண்டு குழு நட்டைச் சரமாகக் கோத்ததை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள்.

மீதியிருக்கும் இரண்டு பெட்டியில் ஒன்றை, ஒரு பக்கக் குறிப்போடு வகுப்பாசிரியரிடமே விட்டுவிட்டு வாருங்கள். காணாமல்போன நட்டுகளை மற்றதிலிருந்து ஈடுகட்டலாம். எப்படியும் மூன்று குறையும்.